ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ‘நேற்று ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?’ என்று கேட்ட லேப்

ஈரோடு பெருந்துறை ரோட்டை ஒட்டிய சந்தில், கீழே மருந்துக்கடை, மாடியில் லேப் என்று இருக்கும் இந்த இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் நான்கு தடவை போய்வந்துவிட்டேன். ரத்தம் எடுக்கிற லேபுக்கு எதற்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு இவர்கள் செய்துகொடுத்தது பெரிய காரியம், அதனால் முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் சென்னிமலைப் பக்கம். பெட்ஷீட், துண்டு வியாபாரம். போன வைகாசியில் இருந்து எனக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பு. பகலில் ஒன்றும் தெரியாது, ராத்திரி படுத்ததும் ஆரம்பித்துவிடும். ஒரு மணிக்கு எழுந்து வாளியில் பச்சைத்தண்ணீர் பிடித்து அதில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாயத்துணியைத் தொட்டுத் தொட்டு வந்ததாக இருக்கும் என்று நினைத்து வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டேன், சோப்பை மாற்றினேன், ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் தோலைப் பார்த்துவிட்டு, தடிப்போ படையோ எதுவும் இல்லை, எதற்கும் ஈரலைப் பார்த்துவிடலாம் என்று லிவர் பங்ஷன் டெஸ்ட்டோடு ‘டோட்டல் பைல் ஆசிட்’ என்று ஒன்றையும் எழுதிக் கொடுத்தார். அதாவது பித்த அமிலம்.

நம் பக்கம் தலை சுற்றினாலும் பித்தம், வாய் கசந்தாலும் பித்தம், காலையில் குமட்டினாலும் பித்தம் என்றுதான் சொல்வோம். இது அந்தப் பித்தம் இல்லை. ஈரல் கொலஸ்ட்ராலில் இருந்து தயாரிக்கிற அமிலம், சோப்பு மாதிரி வேலை செய்து எண்ணெயையும் கொழுப்பையும் குடலில் கரைக்கிறது. ஈரலில் இருந்து பித்தநீர் சரியாக இறங்காவிட்டால் அது ரத்தத்தில் தேங்கும், அப்போது தோலில் தடிப்பே இல்லாமல் அரிப்பு வரும். அதற்காகத்தான் டாக்டர் எழுதியிருக்கிறார்.

முதல் தடவை ரத்தம் கொடுத்தது இங்கே இல்லை. வேறொரு இடம், பெயர் வேண்டாம். அன்றைக்குக் காங்கேயத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம், காலை டிபனே நெய்ப்பொங்கல், வடை, பூரி, ஒப்புட்டு என்று இருந்தது. சாப்பிட்டுவிட்டு வருகிற வழியில் பத்தரை மணிக்கு அங்கே போய்க் கையை நீட்டினேன். சாப்பிட்டீர்களா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. இன்னொன்று, அதற்கு முந்தின நாள் ஆடிக்கிருத்திகை. வழக்கமாக மலைக்கோயிலுக்கு வண்டியில்தான் போவோம், அந்தத் தடவை வேண்டுதல் என்பதால் 1,320 படியும் ஏறி, திரும்பவும் படி வழியாகவே இறங்கினேன். மறுநாள் தொடை கல் மாதிரி இறுகிக் கிடந்தது. மாடிப்படியில் பக்கவாட்டில்தான் இறங்க முடிந்தது.

ரிப்போர்ட் வந்தது. பித்த அமிலம் 21, பக்கத்திலேயே ‘10க்குக் கீழ்’ என்று அச்சடித்திருந்தது. ஈரல் டெஸ்ட்டில் வருகிற ஏஎஸ்டி என்கிற என்சைமும் கூடுதல், 58. இரண்டையும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். எங்கள் டாக்டர் அப்போது மூன்று வாரம் ஊரில் இல்லை. அந்த மூன்று வாரமும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெரியவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ராத்திரி அரிப்பில் எழுந்தால் அப்புறம் தூக்கமே இல்லை, இருட்டில் உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தில் யாரிடம் எவ்வளவு வரவேண்டும் என்று தனியாக எழுதி வைத்தேன், நான் இல்லாவிட்டாலும் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று.

டாக்டர் வந்து பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே ‘வெறும் வயிற்றில் கொடுத்தீர்களா?’ என்பதுதான். இல்லை என்றேன். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இன்னொரு தடவை எடுங்கள் என்றார். அப்படித்தான் இந்த லேபுக்கு வந்தேன்.

காலை ஆறே முக்காலுக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சீட்டைப் பார்த்ததும் ஊசியை எடுக்கவில்லை, ஒரு தாளை எடுத்தாள்.

“ஏனுங்க்கா, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?”

“எட்டு மணி இருக்கும் கண்ணு.”

“காத்தால ஏதாச்சும் குடிச்சீங்ளா?”

“அஞ்சு மணிக்கு ஒரு டம்ளர் டீ. பால் கொஞ்சந்தான்.”

“அப்ப இன்னைக்கு வேண்டாமுங்க்கா. நாளைக்குப் பச்சத்தண்ணி மட்டும் குடிச்சுட்டு வாங்க. கட்டின பணம் அப்படியே இருக்கட்டும், திரும்பக் கட்ட வேண்டாம்.”

சென்னிமலையில் இருந்து முதல் பஸ் பிடித்து வந்தவளுக்கு அந்த நிமிஷம் கோபம்தான் வந்தது. அரை டம்ளர் பாலுக்கு இவ்வளவா என்று கேட்டேன். பாலில் கொழுப்பு இருக்கிறது, கொழுப்பு உள்ளே போனால் பித்தப்பை சுருங்கும், அந்த நம்பரை வைத்துக்கொண்டு நீங்கள் மறுபடியும் பயப்பட வேண்டியிருக்கும் என்றாள். அவள் சொன்ன விதத்தில் எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. வந்த கிராக்கியைத் திருப்பி அனுப்புகிற கடை எத்தனை இருக்கிறது? நானும் கடை வைத்திருப்பவள்தான், அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் தாளில் இன்னும் என்னென்ன கேட்டார்கள் என்று சொல்கிறேன், ஏனென்றால் இந்த லேபின் சிறப்பே அதுதான். இரண்டு நாளுக்குள் கடுமையான உடற்பயிற்சி, மலை ஏற்றம், பாரம் தூக்கியது உண்டா? ஆன்டிபயாட்டிக் எடுத்தீர்களா? பித்தக்கல்லுக்கோ ஈரலுக்கோ ‘உர்சோ’ மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அந்த மாத்திரையே ஒரு பித்த அமிலம்தானாம், சாப்பிடுகிறவர்களுக்கு அதுவும் சேர்ந்து எண்ணிக்கையில் ஏறிவிடும். கரடியின் பித்தத்தில் முதலில் கண்டுபிடித்ததால் லத்தீனில் கரடிக்கு உள்ள பெயரையே வைத்துவிட்டார்கள். மலை ஏற்றம் என்ற கேள்வியைப் பார்த்ததும்தான் எனக்கு ஆடிக்கிருத்திகை ஞாபகம் வந்தது. பழைய ரிப்போர்ட்டைக் காட்டிக் கேட்டேன். ஏஎஸ்டி ஈரலில் மட்டும் இல்லை, தசையிலும் இருக்கிறது, பழக்கமில்லாமல் அத்தனை படி இறங்கினால் தசையில் இருந்தே ரத்தத்துக்கு வரும், சில நாள் கழித்துத்தான் இறங்கும் என்று உள்ளே இருந்த டெக்னீஷியன் தம்பி சொன்னார். ஏறியதைவிட இறங்கியதுதான் தொடையைப் பிடிக்குமாம்.

அன்றைக்கு ராத்திரி ஏழரைக்கே சாப்பாட்டை முடித்து, மறுநாள் காலையில் வெறும் தண்ணீரோடு போய்க் கொடுத்தேன். பித்த அமிலம் 7.4 வந்தது. ஏஎஸ்டி 31. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அந்த மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் பயந்துபோய் என்ன ஆச்சு என்று கேட்க, எனக்குப் பேச வரவில்லை, தாளை நீட்டினேன்.

அரிப்புக்குக் காரணம் கடைசியில் வறண்ட தோல், கூடவே எல்லையில் நிற்கிற சர்க்கரை என்று டாக்டர் சொல்லி அதற்குத் தனியாக மருந்து கொடுத்தார். ஸ்கேனில் ஈரலில் முதல் கட்டக் கொழுப்பு இருந்தது. சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு பண்ணுங்கள் என்றார். அதற்கும் இந்த லேபிலேயே ஆள் இருக்கிறது. சனிக்கிழமை மட்டும் ஒரு டயட்டீஷியன் அம்மா வருகிறார், கோபிசெட்டிபாளையம் பக்கம் விவசாயக் குடும்பம். ஒரு ஆளுக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்துக்காகவே இங்கே போகலாம் என்பேன்.

அவர் பில்லின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். மேலே ஈரல், பக்கத்தில் சின்னப் பை மாதிரி பித்தப்பை, கீழே நெளிநெளியாகக் குடல். சாப்பாட்டில் கொழுப்பு வந்ததும் குடல் ஒரு ஹார்மோனை விடும், பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைக் கொட்டும், வேலை முடிந்ததும் அந்த அமிலத்தில் நூற்றுக்கு 95 பங்கு சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டு மறுபடியும் ஈரலுக்கே போகும். உடம்பில் மொத்தமாக இருப்பதே சில கிராம்தான், அதையே ஒரு நாளைக்குப் பல சுற்று திருப்பித் திருப்பிப் பயன்படுத்துகிறது. “நீங்க வாய்க்கால் பாசனம் பார்த்திருப்பீங்களே அக்கா, மதகைத் திறந்து தண்ணி நிறைய வந்தா கடைமடை வரைக்கும் நனையும், தண்ணி கம்மியா வந்தா மேல்மடையிலயே நின்னுக்கும். ஈரல்தான் மேல்மடை, வர்றதுல பெரும்பகுதியை அதுவே பிடிச்சுக்கும். உங்க கையில ஊசி போட்டு எடுக்கறது கடைமடைத் தண்ணி.” எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. நெய்ப்பொங்கலும் வடையும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் கடைமடையில் போய் அளந்தால் வெள்ளமாகத்தான் இருக்கும். அதை வைத்து ஈரல் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. ஈரல் பிடித்து வைக்க முடியாமல் விடுகிறதா என்று பார்க்கத்தான் வெறும் வயிற்றில் எடுப்பது.

அந்த மிச்சம் 5 பங்கு மலத்தோடு போய்விடும். நாளைக்கு அரை கிராம் அளவு. அதை ஈடுகட்ட ஈரல் புதிதாகத் தயாரிக்க வேண்டும், அதற்குக் கொலஸ்ட்ரால் வேண்டும், அதை ரத்தத்தில் இருந்து இழுத்துக்கொள்ளும். பயறு, அவரை, ஓட்ஸ், கொய்யா, இசப்கோல் மாதிரி கரையும் நார்ச்சத்து குடலில் கூழாகி அந்த அமிலத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோகும். கொலஸ்டிரமைன் என்கிற பழைய மருந்து ஒன்று இருக்கிறது, அதுவும் இதே வழியில்தான் கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது. நாம் சாப்பிடுகிற தட்டைப்பயறுக்கும் மருந்துக்கடை மருந்துக்கும் வழி ஒன்று என்று கேட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. மருந்தின் வேகம் பயறுக்கு வராது என்பதையும் அவரே சொன்னார்.

கொள்ளு பற்றிக் கேட்டேன். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று சொல்லிச் சொல்லியே எங்கள் மாமியார் வாரத்துக்கு மூன்று நாள் கொள்ளுப்பருப்பு கடைவார். நல்லதுதான், நார்ச்சத்தும் புரதமும் இருக்கிறது, ஆனால் கொள்ளுக்கடைசலில் இரண்டு கரண்டி நெய் ஊற்றி அரிசிச்சோற்றை மலை மாதிரி பிசைந்து சாப்பிட்டால் கொள்ளு என்ன செய்யும் என்று டயட்டீஷியன் அம்மா கேட்டார். அது எங்கள் வீட்டைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருந்தது. கம்பங்கூழுக்கும் இதே பதில்தான், மோர் ஊற்றி ஒரு சொம்பு போதும், உடம்புக்கு நல்லது என்று மூன்று சொம்பு வேண்டாம்.

எண்ணெய் விஷயத்தில் இவர் பேசியது மற்ற எவரும் பேசாத மாதிரி இருந்தது. செக்குத் தேங்காய் எண்ணெய் நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கே போகவில்லை. வீட்டில் எத்தனை பேர், மாதம் எத்தனை லிட்டர் என்று மட்டும் கேட்டார். நான்கு பேர், ஐந்து லிட்டர். இரண்டரைக்குக் கொண்டுவாருங்கள் என்றார். பள்ளிபாளையம் சிக்கனை விடச் சொல்லவில்லை, வாரம் நாலு தடவை கறி என்பதை ஒன்றாகக் குறைக்கச் சொன்னார். அதற்குக் காரணமும் சொன்னார். கறியும் கொழுப்பும் மட்டுமே சாப்பிட்டால் சில நாளிலேயே குடல் பாக்டீரியாக்கள் மாறிவிடும், பித்தத்தைத் தாங்குகிற வகைகள் பெருகும். 2014இல் வந்த ஒரு ஆய்வில் ஐந்தே நாளில் இது நடந்தது. குடலில் தங்குகிற பித்த அமிலத்தை அந்தப் பாக்டீரியாக்கள்தான் டிஆக்சிகோலிக் அமிலம் மாதிரி வேறு வகையாக மாற்றுகின்றன, அந்த வகை அளவுக்கு மீறினால் குடலுக்கு நல்லதில்லை. பித்த அமிலம் வெறும் சோப்பு மட்டும் இல்லை, அது உடம்புக்குச் சேதி சொல்கிற பொருளும்கூட என்பது 1999இல் அந்தச் சேதியை வாங்கிக்கொள்கிற ஏற்பியைக் கண்டுபிடித்த பிறகுதான் தெளிவானதாம். சர்க்கரையும் ஈரல் கொழுப்பும் அதோடு சேர்ந்தே ஆடுகின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் பித்த அமிலத்தின் கலவையே வேறு மாதிரி இருக்கிறது.

நடையைப் பற்றி அவர் அளவோடுதான் பேசினார், அது எனக்குப் பிடித்தது. சக்கரத்தில் ஓடவிட்ட எலிகளுக்கு மலத்தில் பித்த அமிலம் கூடுதலாக வெளியே போனது தெரிந்திருக்கிறது, மனிதர்களில் அந்த அளவுக்கு ஒரே மாதிரி முடிவு வரவில்லை, அதனால் நடந்தால் இந்த நம்பர் இவ்வளவு குறையும் என்று நான் எழுதித் தர மாட்டேன் என்றார். எடை குறையாவிட்டாலும் உடற்பயிற்சி செய்தால் ஈரலில் உள்ள கொழுப்பு குறையும், இன்சுலின் நன்றாக வேலை செய்யும், அதற்காக நடங்கள். வாரத்துக்கு 150 நிமிஷம். நான் வாய்க்கால் மேட்டில் காலை ஐந்தரைக்கு முப்பது நிமிஷம், வாரம் ஐந்து நாள் நடக்கிறேன். மழை வந்தால் குடோனுக்குள்ளேயே பேல்களுக்கு நடுவில் நடப்பேன்.

இன்னொன்றையும் எழுதியே ஆகவேண்டும். எங்கள் நாத்தனார் போன வருஷம் யாரோ சொன்னார்கள் என்று வெறும் ஜூஸிலேயே இருந்து இரண்டு மாதத்தில் பதினான்கு கிலோ குறைத்தார். எல்லோரும் பாராட்டினோம். மூன்றாவது மாதம் நடு ராத்திரி வலது விலாவுக்குக் கீழே வலி வந்து துடித்து, ஸ்கேனில் பித்தப்பை முழுக்கக் கல். ஏன் அப்படி என்று அந்த டயட்டீஷியன் அம்மாவிடம் கேட்டேன். வேகமாக இளைத்தால் ஈரல் கொலஸ்ட்ராலை அதிகமாகப் பித்தநீரில் தள்ளும், கொழுப்பே சாப்பிடாததால் பித்தப்பைக்குச் சுருங்குகிற வேலை இல்லை, தேங்கி நிற்கிற பித்தநீரில் கல் பிடிக்கும் என்றார். அதனால் எனக்கு மாதம் ஒரு கிலோ, அதற்கு மேல் வேண்டாம் என்று எழுதியே கொடுத்தார். காலைச் சாப்பாட்டை விடக் கூடாது, எண்ணெயை முழுசாக நிறுத்தக் கூடாது என்பதும் அதில் இருந்தது.

நான்கு மாதம் கழித்துத் தை மாதம் மறுபடியும் பார்த்தோம். 71 கிலோவில் இருந்து 67.5. சர்க்கரை எல்லைக்குள் வந்துவிட்டது. பித்த அமிலம் 5.1. நான் 7.4, 5.1 ஆகிவிட்டது என்று துள்ளிக் குதிக்கப் போக, டயட்டீஷியன் அம்மா கையைப் பிடித்து நிறுத்தி, இரண்டுமே சரியான அளவுதான், ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் இந்த அளவு மாறும், சந்தோஷப்படுவதாக இருந்தால் எடைக்கும் சர்க்கரைக்கும் சந்தோஷப்படுங்கள் என்றார். தன்னுடைய டயட்டால்தான் குறைந்தது என்று சொல்லி என்னை இன்னும் இரண்டு சனிக்கிழமை வரவைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

குறை இல்லாமல் இல்லை. மாடிப்படி செங்குத்து, லிப்ட் கிடையாது, மூட்டு வலிக்காரர்களுக்குச் சிரமம். பித்த அமிலத்தை இங்கேயே பார்ப்பதில்லை, வெளியூருக்கு அனுப்புகிறார்கள், ரிப்போர்ட் வர மூன்று நாள் ஆனது. வண்டி நிறுத்த இடமே இல்லை. ரிப்போர்ட்டில் தமிழில் ஒரு வரியாவது போடலாம். எனக்கு இந்த டெஸ்ட்டுக்கு மட்டும் 1,400 ரூபாய் ஆனது, டயட்டீஷியனுக்கு 500 தனி.

வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்களுக்கு உள்ளங்கை, உள்ளங்கால் அரித்தால் வேப்பிலை அரைத்துக்கொண்டு என்னை மாதிரி மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கர்ப்ப காலத்தில் பித்த அமிலம் ஏறுகிற ஒரு நிலை இருக்கிறது, 100ஐத் தொட்டுவிட்டால் குழந்தைக்கே ஆபத்து கூடும், 40ஐத் தாண்டினாலே நெருக்கமாகக் கவனிப்பார்கள். அதைச் சாப்பாட்டாலும் நடையாலும் சரிசெய்ய முடியாது. வெறும் வயிறா, சாப்பிட்ட பிறகா என்பதையும் உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். இந்த லேபில் கர்ப்பிணிகளை டோக்கன் இல்லாமல் நேராக உள்ளே விடுகிறார்கள், திருப்பி அனுப்புவதில்லை. நான் காத்திருந்தபோதே ஒரு பெண் ஒன்பது மணிக்கு வந்து ஐந்து நிமிஷத்தில் கொடுத்துவிட்டுப் போனது.

போகிறவர்கள் ஏழு மணிக்குள் போய்விடுங்கள், எட்டுக்கு மேல் கூட்டம். சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள், கேட்பார்கள். எனக்கு அடுத்த டெஸ்ட் பங்குனியில். உத்திரத்துக்குப் படி ஏறப் போகிறேன் என்று சொன்னேன். கவுன்டர் பெண் காலண்டரை எடுத்து, உத்திரம் எந்தக் கிழமை என்று பார்த்து, ஒரு வாரம் தள்ளி வட்டம் போட்டு, “அக்காவுக்குத் தொடை வலி போன பொறவு” என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.